பொறியியற் கல்வியில் மாணாக்கர் உரையாடலும் தமிழ்க் கலைச்சொல்லும்

பொறியியலை எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பது தமிழாராய்ச்சியாளர் ஆராய்தற்குரிய பொருளன்று என எண்ணுவார் உளர். கலைச்சொல் ஆக்கித் தருதலோடு தமிழறிஞர் கடமை முடிந்தது; வகுப்பறையுள் நிகழ்வன அத்துறைப் பேராசிரியரைச் சார்ந்தன என்பது அவர் கருத்து. கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பொறியியல், இயற்பியல் வகுப்புகளிற் கற்பிக்கும் முறை பற்றி எழுந்த ஆராய்ச்சிகளை நோக்குவார்க்கு இப்பிரிவினை பொருந்தாமை புலனாகும். அவ்வாராய்ச்சிகள் புதிய கருவிகளை ஆராயப் புகுந்து, மாணாக்கர் தம்முள் பேசும் பேச்சிற் சென்று சேர்ந்தன. பேச்சு என்றவுடன் அது மொழியாராய்ச்சியின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. அவ்வெல்லையில் நின்று சில செய்திகளை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மேல்நோக்கி எறியப்பெற்ற ஒரு நாணயம் பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றது. காற்றின் தடையைக் கருத வேண்டா. அந்நிலையில் அந்நாணயத்தின்மேற் செயற்படும் விசைகள் யாவை? 1982ஆம் ஆண்டில் ஜான் கிளெமெண்ட் என்பார் அமெரிக்க நாட்டிற் பொறியியல் பயிலும் மாணாக்கரிடம் இத்தகைய வினாவை வைத்துப் பெற்ற விடைகளை ஆராய்ந்து வெளியிட்டார். புவியீர்ப்பு ஒன்றே, அதுவும் கீழ்நோக்கியே, என்பது நியூட்டனின் இயக்க விதிகளின்படி வரும் விடை. மாணாக்கரிற் பெரும்பாலோரோ, எறிந்த கையினின்றும் நாணயம் பெற்றதொரு மேல்நோக்கிய விசையும் உண்டு என்றனர். அது சிறிது சிறிதாகக் குறைந்து, உச்சியில் ஈர்ப்புக்கு ஈடாகிப் பின்னர் அதற்குத் தோற்கின்றது என்பது அவர்தம் எண்ணம். பாடம் முடிந்த பின்னரும் பலர் இக்கருத்தை விட்டிலர். இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. பொருள்களை நாள்தோறும் தள்ளியும் இழுத்தும் பழகிய மனம் தானே கட்டிக்கொண்ட கொள்கை இது. ஐரோப்பிய இடைக்காலத்து அறிஞரும் இதனையொத்த கொள்கையை உடையராய் இருந்தனர்.

1985இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராகிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டெனிசும் இத்தகைய முற்கருத்துகளை அளந்தறிய ஒரு தேர்வினை வகுத்தனர். அதனை வளர்த்து 1992இல் ஹெஸ்டெனிசும் துணைவர் இருவரும் வெளியிட்டதே, 'விசைக்கருத்து வினாநிரல்' என நாம் பெயரிட்டழைக்கத்தக்க தேர்வு. அதிற் கணக்கில்லை, வாய்பாடில்லை. எளிய மொழியில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டு, அதற்கு ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். பாரமேற்றும் லாரி ஒன்று சிறிய கார் ஒன்றோடு மோதினால் எது எதன்மேல் மிகுந்த விசையைச் செலுத்தும் என்பது போன்ற வினாக்கள் அவை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சமவிசையே செலுத்தும் என்பது விதி. ஆயின் நொறுங்கிய காரை மனக்கண்ணிற் காணும் மாணாக்கன் லாரியின் விசையே பெரிது என்பான். நம் நோக்கிற்கு இத்தேர்வின் சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. இதில் வரும் தவறான விடைகள் ஆசிரியர் கற்பனையிற் பிறந்தனவல்ல; முன்னர் மாணாக்கர் தம் சொற்களால் எழுதியவற்றினின்றும் எடுக்கப்பட்டவை. இதனை மனத்திற் கொள்க; பின்னர் இதற்கு மீளுவோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடக்க இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மசூர், தம் மாணாக்கர் இவ்வெளிய வினாக்களில் இடறார் என்று எண்ணி அவற்றைத் தம் வகுப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு மாணவி எழுந்து, இவற்றிற்கு நீர் கற்பித்தவாறு விடை எழுதுவதா, நாங்கள் எண்ணுமாறு எழுதுவதா எனக் கேட்டதாக அவர் பின்னாளிற் பலமுறை கூறியுள்ளார். கற்பித்தது ஒன்று, எண்ணுவது ஒன்று என இரண்டு தனித்தனியே மனத்தில் அமர்ந்திருந்தமையை அவ்வினா காட்டிவிட்டது. ஒரு வினாவைப் பலவகையாக விளக்கியும் வகுப்புத் தெளியாமை கண்டு, நீங்களே ஒருவரோடொருவர் பேசிப் பாருங்கள் என்று அவர் விட்டுவிட, சில மணித்துளிகளில் அவர்கள் தெளிந்தனர். இதனின்றும் வளர்ந்த முறையை 1997இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

முறை எளிது. ஆசிரியர் சிறிது நேரம் விளக்கியபின் கருத்து வினா ஒன்றை முன்வைப்பார். ஒவ்வொருவரும் பேசாது எண்ணி ஒரு விடையைத் தேர்ந்து காட்டல் வேண்டும். சரியாகத் தேர்ந்தோர் நூற்றுக்கு முப்பதின்மேல் எழுபதின்கீழ் இருப்பின், வேறு விடை கொண்ட அண்டை மாணாக்கரோடு வாதிட்டு அவரை உடன்படுத்துமாறு ஏவப்படுவர். பின்னர் மறுமுறை விடை தேர்வர். முப்பதிற் குறைந்தால் வாதம் பயன்படாது. ஆசிரியர் மீண்டும் விளக்குதலே வழி. எழுபதைக் கடந்தால் மேலே செல்லலாம். உண்மையை அறிந்த பேராசிரியரினும் சற்றுமுன் அறிந்துகொண்ட மாணாக்கன் நன்கு விளக்குதற்குக் காரணம் உண்டு. எங்கே இடறினோம் என்பது அவனுக்கு இன்னும் நினைவிலிருக்கின்றது. பேராசிரியர் அவ்விடறலை முப்பதாண்டுகளுக்குமுன் மறந்தவர்.

விடையைக் காட்டுதற்கு முதலிற் கையும் அட்டையும் பயன்பட்டன. பின்னர்க் கையிலேந்தி அழுத்தும் மின்கருவிகளும், அவற்றின்பின் செல்பேசியும் வந்தன. இக்கருவிகளையே புதுமுறையென மயங்குவோர் பலர். நதானியேல் லாஸ்ரி என்பார் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி அம்மயக்கத்தைத் தீர்க்கத்தக்கது. ஒரு வகுப்பிற்கு மின்கருவியும் மற்றொன்றிற்கு அட்டையும் தந்து, உரையாடல் முறையை ஒன்றேயாக வைத்துப் பார்த்தபொழுது, கருத்தறிவு வளர்ச்சியில் வேறுபாடு தோன்றவில்லை. கருவி ஆசிரியருக்கு எண்ணிக்கையை விரைந்து தருகின்றது. மாணாக்கனுக்கு அறிவைத் தருவது வாதம். கரும்பலகையை அகற்றி மின்பலகையை மாட்டி, அதன்மேல் அதே குறிப்பை எழுதிப் போடும் வகுப்புகளை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றிற் பலகைதான் மாறியது.

இம்முறையால் விளையும் பயனுக்கு அளவுண்டோ எனின், உண்டு. ரிச்சர்டு ஹேக் 1998இல் 62 பாடவகுப்புகளிற் பயின்ற 6,542 மாணாக்கரின் மதிப்பெண்களைத் தொகுத்தார். தொடக்கத்தில் ஒரு வகுப்பிற்கு இல்லாத அறிவில் எத்துணைப் பங்கு முடிவிற் கிட்டியது என்பது அவர் கொண்ட அளவை. விரிவுரை மட்டும் நிகழ்ந்த வகுப்புகளில் அது 0.23, மாணாக்கர் பங்குகொண்ட வகுப்புகளில் 0.48. ஸ்காட் ஃப்ரீமனும் பிறரும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளின் 225 ஆராய்ச்சிகளை ஒருங்கு நோக்கினர். விரிவுரை வகுப்புகளிற் தோற்றோர் நூற்றுக்கு 33.8 ஆகவும், பங்கேற்பு வகுப்புகளில் 21.8 ஆகவும் இருந்தனர். 2019இல் லூயி டெலோரியேயும் துணைவரும் கண்டது வியப்புக்குரியது: பங்கேற்பு வகுப்பிற் பயின்றோர் மிகுதியாகக் கற்றனர், ஆயினும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். தெளிவான விரிவுரை கேட்போனுக்குக் கற்றுவிட்டதொரு நிறைவைத் தருகின்றது போலும்.

இவையெல்லாம் படிக்குங்கால் தமிழ் பயின்றார் நெஞ்சில் நன்னூற் பொதுப்பாயிரம் தோன்றாதிராது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்ட மாணாக்கனும் புலமையிற் காற்பங்கே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது பவணந்தியார் கூறும் கணக்கு. விரிவுரைக்குக் கிட்டிய 0.23 என்னும் எண்ணையும் இக்காற்பங்கையும் அருகருகே வைத்து மகிழ்வார் உளராயின் மகிழ்க. அஃது எதிர்பாராப் பொருத்தமேயன்றி வேறில்லை. பழைமை பாராட்டுதற்காக நாம் இதனை ஈண்டு எடுத்தோமல்லம். பவணந்தியார் கணக்கில் முக்காற்பங்கு மாணாக்கன் வாயைச் சார்ந்தது. அம்மாணாக்கன் பாடங்கேட்ட மொழியிலேயே உடன் பயில்வாரோடு உரையாடவும் பிறர்க்கு உரைக்கவும் வல்லவன். பாடமொழி ஒன்றாகவும் வாய்மொழி வேறொன்றாகவும் இருப்பின் அம்முக்காற்பங்கு என்னாகும் என்பது அவர்க்கு எழாத வினா, நமக்கு எழுகின்றது.

சென்னையில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனமே பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. அன்றுதொட்டு இந்நாட்டிற் பொறியியற் பாடமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. 2010இல் அண்ணாப் பல்கலைக்கழகம் கட்டடவியல், எந்திரவியல் ஆகிய இரண்டையும் தமிழ்வழியிலும் கற்பிக்கத் தொடங்கியது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிற் பொறியியல் கற்பிக்க இசைவளித்தது. எனினும் தமிழ்வழிப் பள்ளியினின்றும் வருவோர் பலரும் ஆங்கிலவழி வகுப்பிலேயே அமர்கின்றனர். விரிவுரை வகுப்பில் அவன் வாய் திறவாமை குறையாகத் தோன்றுவதில்லை. எல்லோரும் வாய் திறவாதவரே. அண்டையிலுள்ளாரோடு வாதிடுக என்னும் புதுமுறை வந்தவுடன் அக்குறை வெளிப்படும். அவனுக்கு ஆங்கிலத்தில் வாதிட இயலாது. கலைச்சொற்களோடு தமிழில் வாதிடும் பழக்கமும் இல்லை. வாயில்லாதானுக்கு வாதமுறை விரிவுரையினும் கொடிதாகலாம்.

உண்மையில் நிகழ்வது ஒரு கலப்பு. 'பீம் பெண்ட் ஆகுது', 'அந்தப் பாயிண்ட்டுல மொமெண்ட் எடு' என்று மாணாக்கர் பேசுவர். இதனை இழிவென்று கடிதல் எம் கருத்தன்று. அவர்கள் எண்ணும் மொழி அதுவே. ஆனால் 'மொமெண்ட் எடு' என்பதில் எடுக்கப்படுவது யாது? ஒரு புள்ளியைச் சுற்றிப் பொருளைத் திருப்ப ஒரு விசைக்குள்ள வன்மை அது. விசையையும், அப்புள்ளியினின்று விசைக்கோட்டிற்குள்ள செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் வருவது. திருப்புதல் என்னும் கருத்து அவ்வயற்சொல்லில் தமிழ் மாணாக்கன் செவிக்கு எட்டுவதில்லை. பெருக்குதல் ஒன்றே எஞ்சுகின்றது. அவனாற் கணக்கிட முடியும்; கதவின் கைப்பிடியைக் கீலுக்கு அருகில் வைத்தால் என்னாகும் என வினவின் அக்கணக்கு நினைவிற்கு வராது.

தமிழ்ச் சொல் இருப்பின் இவ்விடர் தானே தீருமோ? தீராது. 'திருப்புத்திறன்' என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்குவது. திருப்புதல் இதில் தெளிவாக நிற்கின்றது. ஆனால் 'திறன்' என்பதை அதே நூல்கள் ஒரு நொடியிற் செய்யப்படும் வேலையின் அளவுக்கும் ஆள்கின்றன. ஒன்று நியூட்டன் மீட்டராலும் மற்றொன்று வாட்டாலும் அளக்கப்படுவது, இரண்டும் ஒன்றல்ல. அச்சுப்பக்கத்தில் வரையறை அருகிலிருத்தலின் மயக்கம் தோன்றாது. வாதத்தில் விரைந்து பேசுவோன் முதற்பகுதியை விழுங்கித் 'திறன்' என்று மட்டும் சொல்ல, கேட்போன் வாட்டை நினைப்பான். இலங்கையில் இதனைத் 'திருப்பம்' என வழங்குதலும் உண்டு. சொல் குறுகியது, 'திருப்பு', 'திரும்பும்', 'திருப்பம்' என வினையோடு ஒட்டி ஓடுவது. வாய்க்கு இதுவே உகந்தது என்பது எம் துணிபு.

இருநாட்டு வழக்கும் வேறுபடுதலால் வரும் இடர் இன்னும் பெரிது. பொருளின் அளவாகிய ஒன்றைத் தமிழ்நாட்டார் 'நிறை' என்பர். புவி அதனை ஈர்க்கும் விசையை 'எடை' என்பர். இலங்கைத் தமிழர் முன்னதைத் 'திணிவு' என்றும், பின்னதை 'நிறை' என்றும் வழங்குவர். ஒரே சொல் ஒரு கரையிற் கிலோகிராமிலும் மறுகரையில் நியூட்டனிலும் அளக்கப்படுகின்றது. 'நிறை' என்பது தராசில் நிறுத்தலிற் பிறந்தது ஆகலின், சொல்லாராய்ச்சி இலங்கை வழக்கின் பக்கம் சாயும். ஆயினும் பல தலைமுறை பயின்ற வழக்கை இன்று மாற்றப் புகுதல் அறிவுடைமையாகாது. இருவழக்கையும் ஒரு பக்கத்தில் அறிவித்தல் போதும்.

இவற்றினும் நுண்ணியது 'விசை'. அகராதிகளில் இதற்கு வேகம், விரைவு என்னும் பொருள்களும் உண்டு. விசையாக வந்தான் என்றால் விரைந்து வந்தான் என்பதே. இனி மேலே கூறிய நாணயத்திற்கு மீள்வோம். ஏறிக்கொண்டிருக்கும் நாணயத்திற்கு மேல்நோக்கிய விசை உண்டா எனத் தமிழிற் கேட்டால், உலக வழக்கறிந்த எவரும் உண்டென்றே கூறுவர். ஏனெனில் அது மேல்நோக்கி விசையாகச் செல்கின்றதன்றோ? ஆங்கில மாணாக்கனை வழிதவறச் செய்வது அவன் அனுபவம். தமிழ் மாணாக்கனை அனுபவத்தோடு சொல்லும் சேர்ந்து ஈர்க்கின்றது. ஆகவே அவ்வினாநிரலைத் தமிழில் மொழிபெயர்த்தால், ஒருவன் தவறியமைக்குக் காரணம் கருத்துப் பிழையா, சொல்லின் பழைய பொருளை மேற்கொண்டமையா என்பது விளங்காது. 'விசை' என்னும் சொல்லை விடவேண்டும் என்கின்றோமல்லம். அது நன்கு வேரூன்றிய சொல். ஆசிரியர் முதல்நாளே இவ்விரு பொருளையும் எதிரெதிர் நிறுத்திக் காட்டுதல் வேண்டும். அதுவும் ஓர் இலக்கணப் பாடமே.

சொல்லின் வரலாறு மாணாக்கனுக்குத் துணைசெய்யும் இடங்களும் உள. ஒரு கம்பியை இழுத்தால் அதன் உட்பகுதிகள் பிரிவதற்கு இடங்கொடாது எதிர்த்து நிற்கின்றன. ஓரலகு பரப்பில் அவ்வெதிர்ப்பு எவ்வளவு என்பது 'தகைவு'. இலங்கையில் 'தகைப்பு'. தகைத்தல் என்றால் தடுத்தல், தடைசெய்தல். அவ்வினையை எடுத்துச் சொன்னவுடன் மாணாக்கன் கம்பியின் உள்ளே நோக்கத் தொடங்குவான். இதனை 'அழுத்தம்' என்றிருந்தால், இழுக்கப்படும் கம்பியில் அழுத்தமாவது ஏது என்று அவன் திகைத்திருப்பான். தகைவை விளக்கும் பொறியியற் பேராசிரியர் பலர் இவ்வினைப்பகுதியை அறியார். அறிந்த தமிழ்ப் பேராசிரியர் பலர் கம்பியை அறியார். மாறாக 'விட்டம்' என்னும் சொல்லை நோக்குக. வட்டத்தின் குறுக்களவும் அது. கூரை தாங்கும் உத்தரமும் அது. வட்டக் குறுக்குவெட்டுடைய விட்டத்தின் விட்டம் யாது என்று எழுதுதல் இயலும், எழுதாமை நன்று. கொத்தனாரும் தச்சரும் வழங்கும் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, சாரம் முதலிய சொற்களில் இவ்விடர் இல்லை. அவை கையாற் பழகிய சொற்கள்.

1916இல் சேலத்தில் இராசாசி முதலானோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கத் தொடங்கிய காலந்தொட்டு, நம்மவர் முயற்சியெல்லாம் பெரும்பாலும் அச்சுநூலை நோக்கியது. இப்பொழுது காணொளிப் பாடங்கள் மிகுந்துள்ளன. ஐ.ஐ.டிக்களும் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டளவில் தொடங்கிய என்.பி.டி.ஈ.எல். பாடங்களிற் பலவற்றின் உரை தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. கணிப்பொறியே மொழிபெயர்க்கும் காலமும் இது. இவற்றின் பயன் பெரிது. ஆனால் 'மொமெண்ட்' என்னும் ஆங்கிலச்சொல் திருப்பத்தையும் கணப்பொழுதையும் குறிப்பது. 'ஸ்ட்ரெஸ்' என்பது தகைவையும் மனவுளைச்சலையும் குறிப்பது. இடமறியாது பெயர்த்தால் உத்தரத்திற்குக் கணமும் உளைச்சலும் வந்து சேரும். இப்பிழையைக் கூர்ந்து நோக்குவார் திருத்திவிடலாம். திருத்தமுற்ற உரையும் கேட்கப்படுவதே, பேசப்படுவதன்று என்பதுதான் எஞ்சும் குறை. நன்னூலார் கணக்கில் அது முதற் காற்பங்கு.

எனவே நாம் முன்வைக்கும் ஆராய்ச்சி இது. ஹெஸ்டெனிசு தம் தவறான விடைகளை மாணாக்கர் எழுத்தினின்றும் எடுத்தார் என்றோம். தமிழ்க் கருத்து வினாக்களுக்குரிய தவறான விடைகளும் தமிழ் மாணாக்கர் வாயினின்றே எடுக்கப்படல் வேண்டும். ஆங்கிலத் தவறுகளை மொழிபெயர்த்தல் போதாது. பொறியியல் வகுப்பொன்றில் அமர்ந்து, மாணாக்கர் தம்முள் வாதிடுவதைச் சொல் மாறாமற் குறித்துக்கொள்ளுதற்குப் பொறியாளரினும் மொழியியற் பயிற்சியுடைய முதுகலை மாணாக்கரே தகுதியுடையார்.

எடுத்துக்காட்டாக ஒரு வினா. சன்னலுக்குமேல் சுவரினின்று நீட்டப்பட்ட சன்ஷேடு ஒன்றில் இரும்புக் கம்பியை மேற்புறமாக வைப்பதா, கீழ்ப்புறமாக வைப்பதா? இருபுறமும் சுவர் தாங்கும் தளம் சுமையால் நடுவிற் கீழே வளையும்; இழுப்பு அடிப்புறத்தில் நேர்தலின் கம்பி கீழே இருத்தல் வேண்டும். ஒருபுறமே பிடிக்கப்பட்ட சன்ஷேடோ நுனி தாழ்ந்து வளைதலின், இழுப்பு மேற்புறத்தில் நேரும். கான்கிரீட்டு இழுப்பைத் தாங்காதது ஆகலின் கம்பி மேலேதான் வேண்டும். மாற்றி வைத்தால் சாரத்தைப் பிரித்தவுடன் அது முறிந்து கீழே நிற்பார்மேல் விழவும் கூடும். இவ்வினாவிற்குக் கீழ்ப்புறம் என்று விடைகூறும் மாணாக்கனிடம் காரணம் கேட்டால், 'கம்பிதானே தாங்கணும், அப்போ அடியிலதானே இருக்கணும்' என அவன் கூறுதல் கூடும். தாங்குதல் என்றால் கீழிருந்து ஏந்துதல் என்பது தமிழில் இயல்பாக எழும் எண்ணம். இங்ஙனம் அவன் கூறுவானாயின், அவன் பிழை 'தாங்கு' என்னும் வினைச்சொல்லில் உள்ளது. கம்பி இழுப்பை எதிர்த்துத் தகைகின்றது என்று சொல்லிப் பார்க்குமாறு அவனை ஏவினால் விடை மாறுகின்றதா என்று நோக்குதல் வேண்டும். இத்தகைய வினாக்கள் இருபதும், அவற்றிற்கு மாணாக்கர் கூறிய சொற்கள் கூறியவாறே குறிக்கப்பட்ட ஏடு ஒன்றும் முதற்கண் தேவைப்படுகின்றன.